நாலு பேர் வீட்டில் தினமும் சோறு மிஞ்சுகிறது, நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வளவுவீட்டு மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது, சிரிப்பீர்களோ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். காரைக்குடியில் இருக்கிறோம். வீட்டில் நாலே பேர்தான்: நான், அவர், ஏழாவது படிக்கும் மகன், மாமியார். வீடு மட்டும் முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் என்று நீண்டு கிடக்கிறது. பங்காளிகள் எல்லாம் சென்னை, பெங்களூர், சிங்கப்பூர். முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வீடு நிறையும்.

போன மாதம் ஒரு வாரம் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில், என்னென்ன கொட்டுகிறோம் என்று எழுதிப் பார்த்தேன். ஒரு வாரத்துக்கு மேல் எழுத மனசு வரவில்லை. ஐந்து நாள் சோறு. இரண்டு நாள் சாம்பார். சந்தையில் மலிவு என்று அள்ளி வந்த தக்காளியில் ஒரு கிலோவுக்குப் பக்கமாக அழுகல். கொத்தமல்லி அரைக்கட்டு, புளித்துப் பொங்கிய மாவு ஒரு டப்பா, ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பில் நாலு கரண்டி. குத்துமதிப்பாக விலை போட்டால் 600 ரூபாய்க்கு மேல் வருகிறது. மளிகை, காய், பால், கறி எல்லாம் சேர்த்து மாதம் 14,000 செலவழிக்கிற வீட்டில் 2,400 ரூபாய் குப்பை வண்டியில் ஏறுகிறது என்றால் எனக்கே நம்பமுடியவில்லை.

மாமியாருக்கு 74 வயது. சோற்றுப்பானையை வழித்துத் துடைத்து வைக்கக் கூடாது, யாராவது வந்தால் போட ஒரு பிடியாவது இருக்கணும் என்பார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு வேளைக்கு இருபத்தெட்டு இலை விழுமாம். இன்றைக்கும் அரிசி அளப்பது அவர்தான், மத்தியானத்துக்கு மட்டும் அரைப்படி. கேட்டால் "இதுவே கொறச்சல்தான்" என்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்குப் போன வருடம் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள், மாமியாருக்கு பி.பி. சோற்றைக் கொட்ட மனசில்லாமல் ராத்திரி நானும் அவரும் அதையே தின்று தீர்க்கிறோம், காயும் கீரையும் ஓரமாகத்தான் விழுகிறது. குப்பைத்தொட்டிக்குப் போகவேண்டியது எங்கள் வயிற்றுக்குள் போகிறது, அவ்வளவுதான். செலவும் குறையணும், அவர் உடம்பும் கெடக்கூடாது, மாமியார் மனசும் நோகக்கூடாது. "வாரம் முழுக்க மெனு எழுதி ஒட்டுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள், ஒட்டி, கிழித்தும் ஆயிற்று.


பள்ளத்தூர் ஆச்சி:

ஏம்மா, இதற்கு யார் சிரிக்கப் போகிறார்கள், எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதே கதைதான். உன் மாமியாரும் நானும் ஒரே செட்டு என்று நினைக்கிறேன், அதனால் அவருக்காகக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். அந்தக் காலத்தில் சோறு மிஞ்சத்தான் வடிப்போம், ஆனால் மிஞ்சிய சோற்றுக்குப் போக ஒரு இடம் இருந்தது. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், கணக்குப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள், நாங்கள் எல்லோரும் நீராகாரம் குடிப்போம். காய்த் தோல், கஞ்சி, கழுநீர் எல்லாம் பின்கட்டுத் தொட்டிக்குப் போய்விடும், சாயங்காலம் மாடு காலிபண்ணிவிடும். இப்போது மாடும் இல்லை, கணக்குப்பிள்ளையும் இல்லை, தொட்டியில் துளசி வைத்திருக்கிறோம். வடிக்கிற அளவு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

பாத்திரமும் ஒரு காரணம். கல்யாணத்துக்குச் சாமான் பரப்பி அனுப்பினார்களே, அதில் சின்னதாக எது இருந்தது? என் சமையல்கட்டிலேயே ஆகச் சின்ன குண்டான் பத்துப் பேருக்கு வேகும். அதில் இரண்டு பேருக்கு அரிசி போட்டால் அடியில் கிடக்கிறது, பார்க்கவே பஞ்சப்பாட்டு மாதிரி இருக்கும், கை தானாக இன்னொரு ஆழாக்கு போடும். எங்கள் வீட்டு அய்யா போனபிறகு நான் தனியாகத்தான் இருக்கிறேன், முதல் வேலையாக ஒரு சின்ன பானை வாங்கினேன். மற்றதை எல்லாம் பரணில் ஏற்றியாயிற்று.

அப்புறம் மண்டி வைக்கிறாயா இல்லையா? இந்தக் காலத்துப் பிள்ளைகள் வெண்டைக்காய் மண்டி என்றால் ஓட்டலில் போய்ச் சாப்பிடுகிறார்கள். அதைவிடச் சிக்கனமான குழம்பு கிடையாது. அரிசி களைந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவது தண்ணீரை எடுத்து வை, அதில் புளியைக் கரை. சின்ன வெங்காயம், பூண்டு, கீறிய பச்சை மிளகாய் வதக்கி, காயையும் வதக்கி, அதை ஊற்றிக் கொதிக்கவிட்டால் தீர்ந்தது. பருப்பு வேண்டாம், தேங்காய் வேண்டாம். நாலு வெண்டைக்காய், ஒரு கத்திரிக்காய், இரண்டு பலாக்கொட்டை, ஊறவைத்த மொச்சை ஒரு கை என்று கூடையின் அடியில் கிடக்கிறதை எல்லாம் போடலாம். சந்தைக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் கண்டிப்பாக மண்டிதான்.

பீர்க்கங்காய்த் தோல், பரங்கித் தோல் துவையல் உனக்கே தெரியும். முள்ளங்கி வாங்கினால் கீரையை வெட்டிப் போட்டுவிட்டுத் தரச் சொல்லாதே, பாசிப்பருப்பு போட்டுத் துவட்டினால் அது ஒரு நாள் கறி. தர்பூசணியின் வெள்ளைப்பகுதி சுரைக்காய் மாதிரிக் கூட்டுக்கு ஆகும். மிஞ்சிய சோறு அன்றைய சோறாக இருந்தால் சீரகம், மிளகாய் அரைத்துச் சேர்த்துப் பிசைந்து மாடியில் கிள்ளிவைத்தால் வடகம். நம்ம ஊர் வெயிலுக்கு இரண்டே நாள்.


பந்தி மாஸ்டர்:

வணக்கம் தங்கச்சி. இருபது வருடமாகக் கல்யாணச் சமையல். ஆச்சி சொன்ன பாத்திரக் கதை நூற்றுக்கு நூறு உண்மை. நாங்கள் ஐந்நூறு பேருக்குச் சமைத்தாலும் முதலில் கேட்பது தலைக்கணக்குதான், வீட்டில் நாலு பேருக்குச் சமைக்கிறபோது அதைக் கேட்க ஆள் இல்லை.

என் கணக்கு இது. மூணு கறி வைக்கிற மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெரியவர்களுக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி போதும், வெந்தால் கிட்டத்தட்ட மூணு மடங்கு எடை வரும். வயதானவர்களுக்கும் சின்னப் பிள்ளைக்கும் 70, 75 கிராம். உங்கள் வீட்டுக்கு 350 கிராம். உங்கள் மாமியார் அளக்கிற அரைப்படி எந்த ஊர்ப் படி என்று தெரியாது, எப்படியும் அரைக்கிலோவுக்குக் குறையாது. ஒரு நாள் அவர் அளந்த அரிசியைத் தராசில் வைத்துக் காட்டுங்கள். சண்டை போடாதீர்கள், சும்மா காட்டுங்கள். அந்தக்காலத்து ஆட்கள் நம் பேச்சை நம்பமாட்டார்கள், தராசை நம்புவார்கள். படிக்கு எட்டு ஆழாக்கு என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், "அரைப்படிக்குப் பதிலாக ரெண்டரை ஆழாக்கு ஆச்சி" என்று அவர் பாஷையிலேயே சொல்லுங்கள்.

விருந்தாளிக்கு என்று ஒரு பிடி வேண்டும் என்கிறாரே, அதைச் சோறாக வைக்காமல் மாவாக வையுங்கள். பிரிட்ஜில் ஒரு டப்பா மாவும், டப்பாவில் வறுத்த அரிசி ரவையும் இருந்தால் யார் வந்தாலும் கால் மணியில் பலகாரம் தயார். மாவு புளித்துவிட்டால் வெங்காயம், கடுகு, கறிவேப்பிலை தாளித்துப் போட்டுக் குழிப்பணியாரம் ஊற்றுங்கள், புளிப்பு அதற்கு அழகுதான்.

கறி விஷயம். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கோழி எடுத்து மிஞ்சுகிறது என்றால் அரைக்கிலோ எடுங்கள், ஒரு முருங்கைக்காய், ஒரு கத்திரிக்காய் சேர்த்துத் தண்ணிக்குழம்பாக வையுங்கள். ருசி மசாலாவில் இருக்கிறது, கறியின் எடையில் இல்லை. இது எங்கள் தொழில் ரகசியம், கல்யாண வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.


தேவகோட்டை தனிக்கட்டை:

நான் ஒரே ஆள், ஆனால் என் குப்பைத்தொட்டி உங்களுடையதைவிடப் பெருசாக இருந்தது ஒரு காலத்தில். எனக்குப் புரிந்தது ஒன்றுதான் அக்கா, மலிவு என்பதற்காக வாங்குவது மலிவே இல்லை. திங்கட்கிழமை சந்தையில் சாயங்காலம் கடை கட்டுகிற நேரத்தில் மூணு கிலோ தக்காளி ஒரு விலை, ஒரு கிலோ ஒரு விலை என்பார்கள். நமக்கு வாய் ஊறும். மூணு கிலோவில் ஒன்றரை அழுகினால் என்ன விலை ஆச்சு? அப்படியே வாங்கிவிட்டால் அன்று ராத்திரியே பாதியை வதக்கித் தொக்காக்கி வைத்துவிடுகிறேன், காத்திருப்பதில்லை.

சின்னச் சின்ன வேலைகள்: கொத்தமல்லியைக் கழுவாமல், வேரை மட்டும் நறுக்கி, துணியில் சுருட்டி டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் தாங்குகிறது, தண்டை ரசத்தில் போடுகிறேன். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே கூடையில் கிடந்தால் சீக்கிரம் முளைவிடும், பிரித்து வையுங்கள். பாக்கெட் சாமானில் 'பெஸ்ட் பிஃபோர்' தாண்டினால் ருசி, மொறுமொறுப்பு குறையலாம் என்று அர்த்தம், உடனே தூக்கிப்போட வேண்டியதில்லை. 'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பைரி' என்று போட்டிருந்தால் தேதி தாண்டியதும் தொடாதீர்கள். என் அண்ணி இரண்டையும் ஒன்றாக நினைத்து நல்ல ரவையை எல்லாம் கொட்டுவார்.

ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கௌரவம் பார்த்து வாங்காமல் விடுகிறவர்கள் நம்ம பக்கம் நிறைய. வாங்குங்கள், நன்றாகவே வேகிறது.

இன்னொரு தகவல், நீங்கள் மட்டும் இல்லை என்று தெரியட்டும். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தியாவில் வீடுகளில் வீணாகும் உணவு ஆளுக்கு வருடத்துக்கு 55 கிலோ என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், தோல் எலும்பு எல்லாம் சேர்த்த கணக்கு. நாலு பேருக்கு 220 கிலோ. கிட்டத்தட்ட ஒன்பது அரிசி மூட்டை, 25 கிலோ மூட்டை. உலகம் முழுக்க வீணாவதில் பாதிக்கு மேல் கடையிலும் ஓட்டலிலும் இல்லை, நம்மை மாதிரி வீடுகளில்தானாம்.


குன்றக்குடி சிஸ்டர்:

நர்ஸ் வேலையில் இருந்து ரிட்டையர் ஆனவள். மேலே எல்லோரும் நல்லதாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆஸ்பத்திரிக்குச் செலவழிக்கக் கூடாது, அதனால் குறுக்கே வருகிறேன்.

முதலில் சோறு. சோறு ஆறிப்போய் மத்தியானத்திலிருந்து ராத்திரி வரை அடுப்பு மேடையிலேயே கிடப்பதுதான் ஆபத்து. அரிசியில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்து வேகவைத்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அது முளைத்துப் பெருகி நஞ்சு உண்டாக்கும், அதன்பிறகு எவ்வளவு சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று வருகிறவர்களில் "நேத்துச் சோறுதான் சிஸ்டர், நல்லாச் சுட வச்சுத்தான் சாப்பிட்டோம்" என்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். மிஞ்சும் என்று தெரிந்தால் சாப்பிடுவதற்கு முன்பே தனியாக எடுத்து, அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் ஆவி பறக்கச் சுடவைத்து, ஒரே தடவையில் முடித்துவிடுங்கள்.

பழைய சோற்றை நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன், நானும் குடிக்கிறேன். ஆறியவுடன் சோறு மூழ்கத் தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையில் முடித்துவிட வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு, நாள் முழுக்கக் கிடந்த சோற்றில் தண்ணீர் ஊற்றுவதற்குப் பெயர் பழைய சோறு இல்லை. நூல் விட்டாலோ வாடை மாறினாலோ யோசிக்காமல் கொட்டுங்கள்.

சர்க்கரைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். சோற்றை ஆறவைத்தால் அதில் ஒரு பங்கு மாவுச்சத்து எளிதில் செரிக்காததாக மாறும், உண்மைதான். அதை வைத்து "பழைய சோறுதானே" என்று இரண்டு கிண்ணம் போடுகிறார்கள், அங்கேதான் வம்பு. சோறு சோறுதான், அளவுதான் முக்கியம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு ஆளுக்கு நாளைக்குக் காய், கீரை 400 கிராம், பழம் 100 கிராம் என்று இருக்கிறது. உங்கள் வீட்டில் குறைகிற அரிசிக் காசைக் கீரைக்காரம்மாவிடம் கொடுத்தாலே போதும், தனியாக டயட் சாமான் எதுவும் வாங்கவேண்டாம். மாத்திரை போடுகிறவர் என்றால் சோற்றை ஒரேயடியாகக் குறைப்பதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சர்க்கரை தாழ்ந்துவிடக் கூடாது.

ஆச்சி கோபிக்கக் கூடாது, வடகம், வத்தல், ஊறுகாய் எல்லாம் உப்புச் சுரங்கம். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புதான், ஒரு தேக்கரண்டி. பி.பி. இருக்கிற மாமியாருக்கு மிச்சச் சோற்றை எல்லாம் வடகமாக்கிப் பொரித்துக் கொடுத்தால் வேறு பில் வரும்.

பொரித்த எண்ணெய்: பலகாரம் சுட்டதை வடிகட்டி ஓரிரு நாளில் தாளிக்கத் தீர்த்துவிடுங்கள், அதிலேயே மறுபடி பொரிக்காதீர்கள். பூஞ்சை பிடித்த நிலக்கடலை, மிளகாய் வற்றலை "வெயிலில் காயவைத்துக்கலாம்" என்று எடுத்து வைக்காதீர்கள். அந்த நஞ்சு வறுத்தாலும் போகாது, கல்லீரலுக்குக் கெடுதல். இது மட்டும் தாராளமாகக் குப்பைக்குப் போகலாம்.


வரவுசெலவு:

எல்லாம் படித்தேன். தோல் துவையல், வடகம், தொக்கு, தராசு, துணியில் சுருட்டிய கொத்தமல்லி. சரி, இதையெல்லாம் யார் செய்வது? நானும் வேலைக்குப் போகிறவள், காலை எட்டேகாலுக்குப் பஸ். பீர்க்கங்காய்த் தோல் சீவி வதக்கி அரைக்க அரைமணி நேரம், மிச்சம் பத்து ரூபாய். என் அரைமணி நேரத்துக்கு விலையே இல்லையா? சிக்கனம் என்று வந்தால் மட்டும் வீட்டுப் பெண்கள் கைதான் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. தோலை நான் தொட்டியில் உரமாகப் போடுகிறேன், எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை.

என் பார்வையில் காசு போகிற பெரிய ஓட்டை தோலில் இல்லை. சமைத்த சோறு, குழம்பு, கறி, அழுகிய காய், இந்த நாலும்தான். சமைத்ததைக் கொட்டினால் அரிசியோடு கேஸும் எண்ணெயும் உழைப்பும் சேர்ந்து போகிறது. அதைக் குறைக்கக் கூடுதல் வேலை கிடையாது, குறைவாகச் சமைத்தால் வேலைதான் குறையும். அதை முதலில் பிடியுங்கள், தோலை அப்புறம் பார்க்கலாம்.

நாள்காட்டித் தாளில் எழுதினீர்களே, அதை நிறுத்தாதீர்கள். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்குக் கொடுத்துக் கொண்டுவிற்ற வீடுகளில் பேரேடு, ஐந்தொகை என்று காலணாவுக்குக்கூடக் கணக்கு எழுதினார்கள். குப்பைக்கூடைக்கு மட்டும் பேரேடு இல்லை. எழுதுகிற வேலையை உங்கள் வீட்டுக்காரரிடம் கொடுங்கள். கொட்டுகிறவர் நீங்கள், எழுதுகிறவர் அவர் என்றால் அவருக்கும் உறைக்கும்.


பள்ளத்தூர் ஆச்சி:

சிஸ்டர் சொன்னது சரிதான், வடகத்துக்கு நான் உப்பைச் சொல்லவில்லை, அரை உப்பு போட்டால் போதும். பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளை தோல் சீவ வேண்டாம் தாயி, அது எங்களை மாதிரிப் பொழுதுபோகாத ஆட்களுக்கு. உன் வீட்டுக்கார மாப்பிள்ளை சீவினாலும் துவையல் அதே ருசிதான் இருக்கும்.


வளவுவீட்டு மருமகள்:

மூணு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தராசு வேலை செய்தது. மாமியார் அளந்த அரைப்படி 560 கிராம் இருந்தது. ஒன்றும் பேசவில்லை, மறுநாள் அவரே ஒரு ஆழாக்கு குறைத்தார். அதற்கு மறுவாரம் பரணிலிருந்து அவருடைய அம்மா வீட்டுச் சீரில் வந்த சின்ன வெண்கலப் பானை ஒன்றை இறக்கச் சொன்னார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது அதில்தான் சோறு. கணக்கை என் வீட்டுக்காரர் எழுதுகிறார், முதல் வாரம் 610, போன வாரம் 190. அந்த 190இல் பாதி மகன் டிபன் பாக்ஸில் அப்படியே திரும்பி வந்தது, அது தனிப் பஞ்சாயத்து. ராத்திரிச் சோறு நின்றுவிட்டது, கீரை வாரம் நாலு நாள். சந்தைக்கு முந்தின நாள் மண்டி, எண்ணெய் ஒரே தடவை. தோல் துவையல் ஞாயிற்றுக்கிழமை மட்டும், மாமியார் சீவுகிறார், நான் அரைக்கிறேன். என் வீட்டுக்காரருடைய சர்க்கரை எப்படி என்று அடுத்த மாதம் டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும்.

ஆனால் பாருங்கள், போன வியாழக்கிழமை சோறு சரியாகத் தீர்ந்து, பானை கழுவிக் கவிழ்த்த பத்தாவது நிமிஷம் கண்டனூரிலிருந்து அவருடைய ஒன்றுவிட்ட சித்தப்பா, சொல்லாமல் கொள்ளாமல், பசியோடு. மாமியார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மாஸ்டர் அண்ணன் புண்ணியத்தில் டப்பாவில் அரிசி ரவை இருந்தது, உப்புமா கிண்டி, இரண்டு கத்திரிக்காய் வேகவைத்துக் கோசமல்லி பண்ணிப் போட்டேன். மனுஷர் மறுசோறு கேட்கிற மாதிரி மறு உப்புமா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாமியார் மட்டும் இன்னும் மூணு வேளையும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், "வந்தவுகளுக்கு ஒரு பிடி சோறில்லாத வீடு" என்று. வியாழக்கிழமைகளில் மட்டும் அரை ஆழாக்கு கூட்டிப் போடலாமா என்று யோசிக்கிறேன். சித்தப்பா வேறு அடுத்த வாரமும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.


பந்தி மாஸ்டர்:

அவர் வருவது உப்புமாவுக்குத்தான் தங்கச்சி, அரிசியைக் கூட்டாதீர்கள், கத்திரிக்காய் நாலாக வாங்குங்கள்.